1929 டிசம்பரில் மட்சுஷிடா எதைக் குறைத்தார்?

பானாசோனிக் நிறுவனம் பத்தாயிரம் பேரை வேலையிலிருந்து குறைக்கப்போவதாக 2025 மே மாதம் அறிவித்தது. பாதிப் பேர் ஜப்பானில், பாதிப் பேர் மற்ற நாடுகளில். அன்றைக்கே வெளியிட்ட ஆண்டுக் கணக்கில் நிகர லாபம் 36,000 கோடி யென்னைத் தாண்டியிருந்தது. தலைமை நிர்வாகி தன் ஊதியத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதாகச் சொன்னார், அதை மதிக்கிறேன். ஆனாலும் அந்தச் செய்தியை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. உலகமே படுத்துக்கிடந்த ஒரு பெருமந்தத்தை ஓர் ஆளைக்கூட வெளியே அனுப்பாமல் கடந்து காட்டிய நிறுவனம் இது. அப்போது அதற்கு மட்சுஷிடா என்று பெயர்.

நம்மில் பலருக்கு அந்தப் பெயரைவிட அதன் பொருள்கள் தாங்கிவந்த ‘நேஷனல்’ என்ற பெயர்தான் பழக்கம். எண்பதுகளில் வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பியவர்களின் பெட்டிகளில் வந்த நேஷனல் பானாசோனிக் டேப் ரெக்கார்டரை மறந்தவர்கள் குறைவு. அதே நேஷனல்தான்.

நிறுவனர் கோனோசுகே மட்சுஷிடா எட்டுப் பிள்ளைகளில் கடைசி. தந்தை அரிசிச் சந்தை ஊக வணிகத்தில் சொத்தை இழந்ததால் ஒன்பது வயதில் பள்ளியை விட்டு ஒசாகாவுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டவர். முதலில் கணப்புச் சட்டி விற்கும் கடை, பிறகு சைக்கிள் கடை, பிறகு ஒசாகா மின்விளக்குக் கம்பெனி. 1918 மார்ச்சில் மனைவி முமெனோவையும் மைத்துனர் தோஷியோ இயுவேயையும் துணையாகக் கொண்டு, வாடகை வீட்டில் மின் பிளக்கும் இரட்டை சாக்கெட்டும் செய்யத் தொடங்கினார். அந்தப் பொருள்களுக்கான மின்காப்புக் கலவையின் செய்முறையை மற்ற பட்டறைகள் குடும்பத்துக்குள்ளேயே பூட்டி வைத்திருந்த காலம் அது. இவரோ புதிதாகச் சேர்ந்த தொழிலாளிக்கும் அதைக் கற்றுக்கொடுத்தார். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்தச் செய்தி முக்கியம் என்று நினைக்கிறேன். அந்தப் பட்டறையில் நம்பிக்கை, நெருக்கடி வந்த பிறகு அவசரமாகத் தேடிப் பிடித்த ஒன்றல்ல.

1927-ல் மின் இஸ்திரிப் பெட்டியில் இறங்கினார். ஜப்பான் முழுவதும் சேர்த்தே ஆண்டுக்கு ஒரு லட்சம் பெட்டிகூட விற்காத நேரத்தில், மாதம் பத்தாயிரம் செய்வோம், விலையை முப்பது சதவீதம் குறைப்போம் என்று முடிவெடுத்தார். அதே ஆண்டு ஏப்ரலில் ஜப்பானிய வங்கிகள் ஒவ்வொன்றாகக் கதவடைத்தன. அவர் கணக்கு வைத்திருந்த ஜூகோ வங்கியும் மூடப்பட்டது. அதற்குச் சற்று முன்னால்தான் சுமிடோமோ வங்கி, தேவைப்பட்டால் 20,000 யென் வரை கடன் தருகிறோம் என்று அவருக்கு ஒப்புக்கொண்டிருந்தது. ஊரே பணமெடுக்க வரிசையில் நின்ற அந்த நேரத்தில் சுமிடோமோ சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. கெட்ட காலத்தில் காப்பாற்றப்பட்ட ஒரு வாக்கு ஒரு தொழிலுக்கு என்ன செய்யும் என்பதை அவர் வாங்கும் இடத்தில் இருந்து கற்றார். இரண்டே ஆண்டுகளில் கொடுக்கும் இடத்துக்கு வந்து நின்றார்.

1929 மே மாதம் புதிய தலைமையகமும் தொழிற்சாலையும் கட்டி முடிந்தன. ஜூலையில் பிரதமர் ஹமாகுச்சியின் அரசு பதவிக்கு வந்தது. யென்னைப் பழைய மதிப்பிலேயே தங்கத்தோடு மீண்டும் இணைக்க வேண்டும் என்பது அதன் பிடிவாதம். அதற்கு உள்நாட்டு விலைகள் இறங்க வேண்டும் என்பதால் சிக்கனத்தை ஒரு தேசிய இயக்கமாகவே ஆக்கினார்கள். வீடு வீடாகத் துண்டறிக்கை விநியோகித்தார்கள். அரசு ஊழியர் சம்பளத்தில் பத்து சதவீதம் வெட்டுவதாகக்கூட அக்டோபரில் அறிவித்து, எதிர்ப்பைக் கண்டு பின்வாங்கினார்கள். அந்த மாதக் கடைசியில்தான் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. வாங்குபவரிடம் வாங்காதே என்று அரசே சொல்லிக்கொண்டிருந்தபோது ஏற்றுமதிச் சந்தையும் சரிந்தது. டிசம்பருக்குள் மட்சுஷிடாவின் விற்பனை பாதிக்கும் கீழே போய்விட்டது. கிடங்கில் சரக்கு வைக்க இடமில்லை.

அவர் அப்போது நோய்வாய்ப்பட்டு நிஷினோமியாவில் படுக்கையில் இருந்தார். இயுவேயும் இன்னொரு நிர்வாகியும் ஒரு திட்டத்தோடு வந்தார்கள்: தொழிலாளர்களில் பாதிப் பேரைக் குறைத்துவிடலாம். அன்றைய ஒசாகாவில் யாரும் அதைக் கொடுமையாகக் கருதியிருக்க மாட்டார்கள். சுற்றிலும் அதுதான் நடந்துகொண்டிருந்தது. அவர் சொன்ன பதிலின் சாரம் இது. உற்பத்தியை இன்றே பாதியாகக் குறையுங்கள். தொழிற்சாலை அரை நாள் மட்டும் இயங்கட்டும். ஒருவரையும் நிறுத்தக் கூடாது. சம்பளம் முழு நாளுக்கு. ஆனால் விற்பனை ஊழியர்கள் விடுமுறை பார்க்காமல் தேங்கிய சரக்கை விற்றுத் தீர்க்க வேண்டும்.

இயுவே திரும்பிப் போய்த் தொழிலாளர்களைக் கூட்டி அறிவித்தார். பிப்ரவரிக்குள் கிடங்கு காலியானது. அரை நாள் வேலை முழு நாளாயிற்று. அதற்கும் மேலே உற்பத்தியைக் கூட்ட வேண்டி வந்தது.

மேலாண்மைப் பயிற்சி வகுப்புகளில் இந்தக் கதைக்குப் பெரிய மவுசு. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்திலும் சொன்னார்கள். ஊழியர்கள் விடுமுறையே எடுக்காமல் உழைத்து நிறுவனத்தைக் காப்பாற்றினார்கள் என்று சொல்லிக் கைதட்டச் சொன்னார்கள். அரை நாள் வேலைக்கு முழுச் சம்பளம் என்ற பகுதி அங்கே சொல்லப்படவே இல்லை. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். அந்த உழைப்பு அந்தச் சம்பள உறுதிக்குப் பிறகு வந்தது. முதலாளி முதலில் தன் பையில் கைவிட்டார், தொழிலாளி பிறகு தன் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தார். வரிசையை மாற்றிச் சொன்னால் அது வேறு கதை, வெறும் சுரண்டலுக்கான முன்னுரை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதை ஒரு நல்ல மனிதரின் இரக்கமாக மட்டும் பார்ப்பது அவரைச் சிறுமைப்படுத்துவதாகும். அது தெளிவான வணிகக் கணக்கு. கிடங்கில் கிடக்கும் ஒவ்வொரு இஸ்திரிப் பெட்டியும் முடங்கிய பணம். உற்பத்தியை உடனே பாதியாக்கினால் முடக்கம் வளர்வது நிற்கும். மூலப்பொருள் செலவும் இறங்கும். செய்யாத அரை நாளுக்குக் கொடுக்கும் கூலி நஷ்டம்தான், ஆனால் சில மாதங்களோடு முடிகிற நஷ்டம். அதற்கு எதிர்ப்பக்கத்தில், கற்றுக்கொடுத்து வளர்த்த கைகளை அனுப்பிவிட்டு, சந்தை மீளும்போது புதிய ஆட்களைத் தேடுவதன் செலவு இருக்கிறது. அடுத்த முறை யாருடைய பெயர் பட்டியலில் வருமோ என்று அஞ்சும் ஒருவர் எத்தனை கடைகளின் படியேறி விற்பார்?

அதே மந்தத்தில் கானெபோ நூற்பாலைகளில் நடந்ததை எதிரே வைத்துப் பார்க்கலாம். தொழிலாளர்களைக் குடும்பமாக நடத்துகிறோம் என்று ஜப்பான் முழுவதும் பெயர் வாங்கிய நிறுவனம் அது. மருத்துவமனை, பள்ளி, விடுதி என்று எல்லாம் இருந்தன. 1930-ல் மந்தம் கடித்ததும் கூலியில் கை வைத்தார்கள். ஏப்ரலில் பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. நல்ல காலத்தில் குடும்பம், கெட்ட காலத்தில் கூலிக்காரர் என்றால் யார் ஏற்பார்கள்?

நியாயமாகப் பேச வேண்டுமென்றால், மட்சுஷிடாவுக்குச் சாதகமான சூழலும் இருந்தது. சில நூறு பேர் வேலை பார்த்த நிறுவனம். முடிவெடுக்க ஒரே மனிதர் போதும். மின்சாரம் அப்போதுதான் வீடுகளுக்குள் பரவிக்கொண்டிருந்தது. இஸ்திரிப் பெட்டியும் சைக்கிள் விளக்கும் வளர்கிற பொருள்கள். அமெரிக்கா வாங்குவதை நிறுத்திய பட்டுக்கு இதே வழி இரண்டு மாதத்தில் பலன் தந்திருக்காது. இதை மறைத்து அவரை வழிபடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

அவரே பிற்பாடு தன் வழியிலிருந்து விலக நேர்ந்தது. போர்க்காலத்தில் அவரது நிறுவனம் மரக்கப்பல்களும் மர விமானங்களும்கூடச் செய்தது. தோல்விக்குப் பின் நேச நாட்டு நிர்வாகம் அவரைப் பதவியிலிருந்து நீக்கும் பட்டியலில் சேர்த்தது. அப்போது அவருக்காக மனுக் கொடுத்தது புதிதாகப் பிறந்த தொழிற்சங்கம்! மற்ற இடங்களில் சங்கங்கள் முதலாளிகளை வெளியேற்றச் சொல்லிக்கொண்டிருந்தன. இங்கே ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் தங்கள் குடும்பத்தினரோடு கையெழுத்திட்டு அவரைத் திருப்பிக் கேட்டார்கள். 1929-க்கு வந்த வட்டி என்று அதைச் சொல்வேன். ஆனால் 1949-ல் அமெரிக்க ஆலோசகர் டாட்ஜின் பணவாட்டக் கொள்கை வந்தபோது, வரி பாக்கியில் முதலிடம் என்று பத்திரிகைகள் எழுதும் அளவுக்கு அவர் முடங்கினார். 1950-ல் நூற்றுக்கணக்கானவர்களை வெளியே அனுப்பினார். கடன், வரி, போர்க்கால இழப்பீடு வராத நிலை என்று எல்லா வழியும் அடைபட்ட பிறகு அது நடந்தது. அது கடைசிப் படி. அங்கே போய்ச் சேர்வதற்கு முன் எத்தனை படிகள் இருந்தன என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

1964-ல் மீண்டும் மந்தம். தொலைக்காட்சி, சலவை இயந்திரம் எல்லாம் வாங்க வேண்டியவர்கள் வாங்கி முடித்திருந்தார்கள். ஜூலையில் அடாமி நகரில் விற்பனை முகவர் நிறுவனங்களின் தலைவர்களை அழைத்தார். சுமார் 170 நிறுவனங்கள், பெரும்பாலானவை நஷ்டத்தில். மூன்று நாள் திட்டு வாங்கினார். முதலில் அவரும் எதிர்த்து வாதிட்டார். மூன்றாம் நாள், தவறு எங்களுடையதுதான் என்று எழுபதை நெருங்கிய மனிதர் எல்லோர் முன்னும் கண்ணீர் விட்டார். பிறகு ஓய்வுபெற்ற நிலையிலிருந்து திரும்பி வந்து விற்பனைப் பிரிவை நேரடியாகப் பொறுப்பேற்று, விநியோக முறையையே மாற்றினார். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அடுத்த ஆண்டு நடந்தது. 1965 ஏப்ரலில் மட்சுஷிடா வாரத்துக்கு ஐந்து நாள் வேலையைக் கொண்டுவந்தது. 1960-ல் கொடுத்த வாக்கு அது. யமாய்ச்சி பங்கு நிறுவனத்தை அரசு தலையிட்டுக் காப்பாற்ற வேண்டிவந்த ஆண்டில், வாக்கை ஒத்திப்போட எல்லாக் காரணமும் இருந்தும் ஒத்திப்போடவில்லை.

அவர் 1989-ல் காலமானார். 2001-ல் தகவல் தொழில்நுட்பச் சரிவில் நிறுவனம் பெரும் நஷ்டம் கண்டபோது, விருப்ப ஓய்வு என்ற பெயரில் சுமார் 13,000 பேர் வெளியேறினார்கள். 2008 அக்டோபரில் மட்சுஷிடா என்ற பெயர் போய் பானாசோனிக் ஆனது. நான்கே மாதத்தில் 15,000 பேரைக் குறைப்பதாகவும் 27 தொழிற்கூடங்களை மூடுவதாகவும் அறிவிப்பு வந்தது. அந்த இரண்டிலும் நஷ்டம் உண்மை, போட்டி உண்மை. 2025-ல் நஷ்டமும் இல்லை.

படுக்கையருகே ஆட்குறைப்புத் திட்டத்தோடு போய், அதற்கு நேர்மாறான ஆணையோடு திரும்பிய இயுவே, போருக்குப் பின் தனியே சைக்கிள் டைனமோ விளக்கு செய்யத் தொடங்கினார். அதுதான் சான்யோ. 2005-ல் சான்யோ 14,000 பேரைக் குறைக்கும் திட்டத்தை அறிவித்தது. பிறகு பானாசோனிக் அதை வாங்கியது. சான்யோவின் சலவை இயந்திர, குளிர்சாதனப் பெட்டித் தொழிலைச் சீனாவின் ஹையருக்கு விற்றது. இரண்டு குடும்பத் தொழில்களின் வரலாறும் ஒரே இடத்தில் வந்து முடிந்தது வருத்தமளிக்கிறது.

உலகம் மாறிவிட்டது, பங்குதாரர்கள் இருக்கிறார்கள், அந்த வழி இன்றைக்கு ஒத்துவராது என்று கருத்துப் பெட்டியில் எழுதப்போகிறவர்களுக்கு ஒரு தகவல். 2009-ல் ஜெர்மனியின் பொருளாதாரம் ஐந்து சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. ஆனால் வேலையின்மை அங்கே பெரிதாக உயரவில்லை. வேலை நேரத்தைக் குறைத்து, இழந்த ஊதியத்தில் பெரும்பகுதியை அரசின் வேலைவாய்ப்புக் காப்பீடு ஈடுகட்டும் ஏற்பாடு அதற்கு ஒரு முக்கியக் காரணம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அதனால் வேலையில் நீடித்தார்கள். பங்குச் சந்தையில் இருக்கும் பெரிய நிறுவனங்களும் அதைப் பயன்படுத்தின. ஜப்பானிலும் எழுபதுகளிலிருந்து அதே நோக்கத்தில் அரசு மானியம் இருக்கிறது. அப்படியிருக்க, லாபம் ஈட்டிய ஆண்டில் பத்தாயிரம் பேர் என்ற எண்ணை அறிவிப்பதற்கு முன் எந்தெந்தப் படிகளை முயன்று பார்த்தீர்கள் என்று கேட்கும் உரிமை அந்தத் தொழிலாளர்களுக்கு உண்டு. நிறுவனரின் பெயரை ஆண்டுதோறும் மேடையில் சொல்லும் நிர்வாகம் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.