கொதிக்கக் கொதிக்க வேண்டாம், விளாவினால் போதும்

வெந்நீரில் முகம் கழுவினால் தோலின் துவாரங்கள் திறக்கும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். வெந்நீர் சரிதான், காரணம்தான் வேறு. துவாரம் கதவு மாதிரி திறந்து மூடாது. சூட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இளகி வருகிறது, அவ்வளவுதான். அதற்கு உடம்புச் சூடு, 37 டிகிரி பக்கம் இருந்தாலே தாராளம்.

நாங்கள் பொள்ளாச்சிப் பக்கம். மார்கழி, தைப் பனியில் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொள்ளத்தான் மனசு வரும். நானும் அப்படித்தான் குளித்தேன். முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் கோடுகள், ராத்திரி முழுக்க அரிப்பு. அதிகச் சூடு தோலின் இயற்கை எண்ணெயைக் கழுவிவிடுகிறது. போர் தண்ணீரும் சோப்பும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) அண்டாவில் காய்ந்த தண்ணீரை விளாவி, முழங்கையை விட்டுப் பார்த்துத்தான் ஊற்றுவார். தலைக்கு அரப்பு இலைப் பொடி, உடம்புக்குப் பாசிப்பயறு மாவு. (அரப்பு கண்ணில் பட்டால் அன்றைக்கு வீடே அதிரும்!) இப்போது நானும் பத்து நிமிடத்துக்குள் குளித்து, துண்டால் தேய்க்காமல் ஒற்றி, ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். அரிப்பு நின்றுவிட்டது. அப்புறம், பரு வருகிறவர்கள் முகத்துக்கு மட்டும் தேங்காய் எண்ணெய் வைக்காதீர்கள், அது ஆகாது.