நிராகரிப்பு நிற்கவில்லை, தள்ளிப்போனது
"இன்டர்லூக்கின்-10 மரபணு செலுத்தியதும் செம்மறியாட்டில் கருவிழி நிராகரிப்பு நின்றேவிட்டது" என்று சொல்வது தவறு. இன்டர்லூக்கின்-10 என்பது நோய் எதிர்ப்பைத் தணிக்கும் ஒரு புரதம்; நிராகரிப்பு என்பது மாற்றிப் பொருத்திய கருவிழியை (கார்னியா) உடல் அந்நியமாகக் கருதித் தாக்குவது. இதைச் சோதித்து 2001இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் ஒட்டுகளின் (பொருத்திய கருவிழிகளின்) இடைநிலை ஆயுள், அதாவது பாதி ஒட்டுகள் தோற்பதற்கு ஆகும் காலம், சுமார் 3 வாரத்திலிருந்து 8 வாரம்வரை நீண்டது. மரபணுவை ஆட்டுக்கு நேரடியாகச் செலுத்தவில்லை. கொடைக் கருவிழியை, அந்த மரபணுவைச் சுமக்கும் அடினோவைரஸ் கலந்த திரவத்தில் ஊறவைத்து, பிறகுதான் தைத்தார்கள். அடினோவைரஸ் கொண்டுவரும் மரபணு குரோமோசோமில் சேராது. அதனால் புரத உற்பத்தி நாளடைவில் வடிந்துவிடும்.

முயல்களில் செய்த கருவிழி ஒட்டு ஆய்வுகளின் முடிவுகளை இதோடு ஒப்பிடுவதும் சரியல்ல. முயலின் கருவிழி உட்படலச் செல்கள் (கருவிழியின் உட்புறத்தை மூடி, அதைத் தெளிவாக வைத்திருப்பவை) பெருகிச் சேதத்தை மூடிவிடும். மனிதரில் அது கிட்டத்தட்ட நடக்காது, ஆடும் அப்படியே. எந்த ஆய்வானாலும், அந்த மரபணு இல்லாத வெற்று வைரஸ் ஏற்றிய ஒட்டுகளை ஒப்பீட்டுக்கு வைத்தார்களா, முதல் சில நாளிலேயே கலங்கியவற்றை அறுவைத் தோல்வியாகத் தனியே பிரித்தார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் நாள் கணக்கை நம்ப முடியாது.