பாட்டிலில் தேதி எங்கே என்று கேட்டது அவ்வளவு பெரிய குற்றமா?

சனிக்கிழமை ராத்திரி அந்த பாரில் நடந்ததைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். வீடியோவும் சுற்றி வந்துவிட்டது. நான் செல்போன் டார்ச்சை அடித்து பீர் பாட்டிலின் கழுத்தைப் பார்க்கிறேன், பின்னால் நம்ம ஆட்கள் சிரிக்கிறார்கள், கீழே "பீருக்கு ஜாதகம் பார்க்கும் அண்ணன்" என்று ஒரு வரி. சிரித்தவர்களில் பாதிப் பேர் என்னோடு பல வருடமாகப் பழகுகிறவர்கள். வேறு யாராவது என்றால் விட்டிருப்பேன்.

நடந்தது இதுதான். ஐஸ் டப்பிலிருந்து எடுத்து வந்த பாட்டில். லேபிள் ஊறிப் போய் ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு தொங்கியது. தேதி அடித்திருந்த இடத்தில், அதாவது கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாகக் கறுப்பு மையில் அடிப்பார்களே அந்த இடத்தில், வருடம் மட்டும் தெரிந்தது. மாதம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புத் தீற்றல். வேறு பாட்டில் கேட்டேன். அதிலும் அப்படியே. சர்வர் தம்பி, "சார், எல்லாம் நேத்து வந்த லோடு சார்" என்றார். லோடு நேற்று வந்திருக்கலாம் தம்பி, பீர் எப்போது போட்டது என்றுதான் கேட்டேன். அவருக்குத் தெரியாது, அவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை. மேனேஜர் வந்து, "இது என்ன சார், பாலா, கெட்டுப் போக?" என்று கேட்டபோதுதான் டேபிளே சிரித்தது.

சரி, அந்தக் கேள்விக்கே பதில் சொல்கிறேன். பால் மாதிரி ஒரே நாளில் கெடாது. ஆனால் பீர் கெடும். பிராந்தி, விஸ்கி மாதிரி மூடியைத் திறக்காமல் வைத்திருந்தால் அப்படியே கிடக்கிற சரக்கு இல்லை அது. ஹாப்ஸ் என்ற கொடியின் பூவிலிருந்து வரும் கசப்பும் வாசமும் நாள் ஆக ஆக மங்கும். பாட்டிலுக்குள் அடைபட்ட கொஞ்சூண்டு ஆக்சிஜன் வேலையைக் காட்டும், பழைய பீரில் நொனெனால் என்று ஒரு பொருள் தலைதூக்கும், அதுதான் நனைந்த அட்டையை நாக்கில் வைத்த மாதிரி ருசி தருவது. வெளிச்சம் பட்டால் இன்னொரு கதை. ஹாப்ஸின் கசப்புப் பொருள் ஒளி பட்டு உடைந்து கந்தகம் கலந்த ஒரு வாடை வரும், ரப்பர் கருகின மாதிரி. பீர் பாட்டில் பழுப்பு நிறத்தில் இருப்பதே அதைத் தடுக்கத்தான். பச்சைப் பாட்டில் கொஞ்சம்தான் காப்பாற்றும், வெள்ளைப் பாட்டில் சுத்தமாகக் காப்பாற்றாது. அந்தப் பாட்டில்களைத்தான் கண்ணாடிக் கதவு போட்ட ஃப்ரிட்ஜில் டியூப் லைட்டுக்கு அடியில் நாள் முழுக்க அழகாக அடுக்கி வைக்கிறார்கள்.

எல்லாவற்றையும் விட மோசம் சூடு. பொதுவாக ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் பீர் பழசாகும் வேகம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகும் என்பார்கள். இரண்டு மடங்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். 20 டிகிரியில் ஆறு மாதம் நிற்கிற பீர், 40 டிகிரியில் ஒன்றரை மாதத்தில் முடிந்துபோகும். நம்ம ஊர் கத்திரி வெயிலில் தார்ப்பாய் போட்ட லாரி எவ்வளவு சூடாகும், தகரக் கூரை போட்ட ஸ்டோர் ரூம் எவ்வளவு சூடாகும் என்று சென்னைக்காரனுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆறு மாதம் என்று லேபிளில் இருந்தாலே இங்கே முழுசாக நம்ப முடியாது. இதில் தேதியே இல்லை என்றால் எதை வைத்துக் குடிப்பது?

தேதி வேண்டும். அழியாத தேதி, கண்ணுக்குத் தெரிகிற தேதி. நான் கேட்டது அவ்வளவுதான்.

"அமெரிக்காவிலா இருக்கே?" என்று வீடியோவுக்குக் கீழே ஒருத்தர் கேட்டிருந்தார். அமெரிக்கக் கதையே சொல்கிறேன். அங்கே பீரில் தேதி போட்டாக வேண்டும் என்று மத்திய அரசுச் சட்டம் எதுவும் கிடையாது. பல கம்பெனிகள் தயாரிப்பு நாளை ஏதோ ஒரு ரகசியக் குறியீட்டில் அடித்துக்கொண்டிருந்தன. 045 என்று இருந்தால் வருடத்தின் 45-ஆவது நாள், அதாவது பிப்ரவரி 14. இது குடிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? அப்புறம் 1996-ல் பட்வைசர் கம்பெனிக்காரர்கள், இந்தப் பீர் பிறந்த நாள் இது என்று பாட்டிலிலேயே வெளிப்படையாகப் போட்டு அதையே விளம்பரமாக்கினார்கள். இங்கே நிலைமை தலைகீழ். நமக்குச் சட்டம் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் மது பான விதிகள் 2019 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கின்றன. 2020-ல் வந்த லேபிள் விதிகள், லேபிளில் இருப்பது தெளிவாக, அழியாமல், வாங்குகிறவர் சுலபமாகப் படிக்கும்படி இருக்க வேண்டும் என்கின்றன. காலாவதித் தேதி போடுவதிலிருந்து விலக்கு என்பது 10 சதவீதமும் அதற்கு மேலும் ஆல்கஹால் உள்ள சரக்குக்குத்தான். நம்ம ஸ்ட்ராங் பீரே 8 சதவீதத்தைத் தாண்டாது. ஆக, ஐஸ் தண்ணீரில் போட்டால் கரைகிற மையில் தேதி அடிப்பது சட்டப்படியே தப்பு. ஐஸ் தண்ணீரில் போடத்தான் போகிறார்கள் என்று பீர் கம்பெனிக்குத் தெரியாதா?

"ஆறின பீர், பழைய பீர், குடிச்சா செத்தா போயிடுவே?" மாட்டேன். பழைய பீரில் நோய்க் கிருமி வளர்வது அரிது, அதன் புளிப்பும் ஆல்கஹாலும் ஹாப்ஸும் விடாது. உயிருக்கு ஆபத்து என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் மாவு பாக்கெட் வாங்கும்போது, "இன்னைக்கு அரைச்சதா, நேத்தையதா?" என்று கேட்காத ஆள் யாராவது இருக்கிறீர்களா? நேற்றைய மாவும் கொல்லாதுதான். அதற்குக் கேட்கலாம், இதற்குக் கேட்கக் கூடாதா?

"நல்லா கூலிங் பண்ணினா எல்லாம் சரியாயிடும்." ஆகாது. குளிரில் நாக்கு மரத்துப்போகும், கெட்ட ருசி தெரியாது, அவ்வளவுதான். பாதி பாட்டில் தாண்டி கொஞ்சம் குளிர் விட்டதும் முகம் சுளிக்கிறீர்களே, அப்போது தெரிவதுதான் நிஜமான பீர். "வெளிநாட்டுல பீரை வருஷக்கணக்குல வெச்சுக் குடிக்கிறாங்க" என்று ஒரு மேதை எழுதியிருந்தார். அது வேற பீர், கனமான ஸ்டௌட், பார்லி வைன் போன்றவை, அதற்கென்றே காய்ச்சுவது. நமக்குக் கிடைப்பது லாகர் என்ற லேசான பீர், அப்படி வைத்துக் குடிக்கக் காய்ச்சியது இல்லை.

ஒரு முறை பெங்களூரில், அங்கேயே பீர் காய்ச்சி விற்கிற ஒரு மைக்ரோ ப்ரூவரியில், பின்னால் தெரிகிற தொட்டியிலிருந்தே பிடித்துத் தந்த லாகரைக் குடித்தேன். முதல் வாயில் ரொட்டி வாசம், அப்புறம் ஒரு மெல்லிய பூ வாசம், கடைசியில் சுத்தமான கசப்பு. கசப்பு கூட சுத்தமாக இருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை வருடம் நமக்கு பீர் என்று கொடுத்தது என்ன என்ற எரிச்சல் அன்றிலிருந்து இருக்கிறது. அன்றிலிருந்துதான் பாட்டிலைத் திருப்பிப் பார்க்கிறேன். கிடைத்தால் டின்னே வாங்குவேன். வெளிச்சம் புகாது, தேதியும் அடியில் ஓரளவு அழியாமல் இருக்கும்.

என் சித்தப்பா பெரம்பூரில் மளிகைக் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூட லீவில் நான் அங்கேதான் கிடப்பேன். ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அலமாரி அலமாரியாகத் தேதி பார்ப்பார். "பழசை முன்னாடி இழு, புதுசைப் பின்னாடி தள்ளு" என்பார் என்னிடம். தேதி தாண்டினது எல்லாம் மேஜைக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டிக்குள் போகும், ஏஜென்சிக்காரர் வந்தால் திருப்பிக் கொடுக்க. ஒரு நாள் நான், கணக்கில் கடன் வாங்கிப் போகிற ஒருவருக்கு அந்தப் பெட்டியிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்துவிடலாமே, அவர் எதுவும் கேட்க மாட்டாரே என்றேன். சித்தப்பா சத்தம் போடவில்லை. "கடன் வாங்குறவனும் கஸ்டமர்தான்டா" என்றார்.

குடிக்கிறவன் கஸ்டமர் இல்லையா? எனக்கு வலிப்பது இதுதான். பீருக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி என்று சிரிக்கிறவர்கள் உண்மையில் சொல்வது, உனக்கெல்லாம் எதற்கு இந்தக் கேள்வி என்றுதான். குடிக்கிறவன் என்றால் கம்பிக்குள்ளே கையை விட்டு, கொடுத்ததை வாங்கி, கூடக் கேட்ட பத்து ரூபாயையும் கொடுத்துவிட்டு, தலையைக் குனிந்து போக வேண்டும். டாஸ்மாக் வழியாக அரசுக்கு 2023-24-ல் மட்டும் 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம். அந்தப் பணம் நம்மிடம் இருந்து போனது. அதை வாங்கும்போது யாரும் முகம் சுளிக்கவில்லை. நீலகிரியில் 2022-லிருந்து காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்று திட்டம் வந்தது, நல்ல திட்டம், காட்டுக்குள் கண்ணாடி கிடந்து யானை காலைக் கிழிக்கக் கூடாது. காலி பாட்டிலுக்கு அடையாளம் ஒட்டித் திரும்ப வாங்க முடிகிறது. நிரம்பின பாட்டிலில் அழியாத ஒரு தேதி அடிக்க முடியாதா?

குடியே தப்பு, அதில் தேதி வேறயா என்று எழுதின அக்காவுக்கு: உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. குடியால் அழிந்த வீடுகள் என் தெருவிலேயே இருக்கின்றன. ஆனால் தேதி அழிந்த பீரை விற்பதால் ஒரு குடும்பமும் பிழைக்கப் போவதில்லை.

அன்றைக்கு நான் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த இரண்டு பாட்டிலும் பக்கத்து டேபிளுக்குப் போனதை நான் பார்த்தேன். அவர்கள் என்னை விடச் சின்னப் பையன்கள், சம்பளம் வந்த சந்தோஷத்தில் வந்த மாதிரி இருந்தது. எழுந்து போய்ச் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள், "விடுங்க அண்ணே" என்றார்கள். அந்த இடத்தில் நம்ம டேபிளிலிருந்து ஒருத்தராவது எழுந்து வந்து, அவர் சொல்றது சரிதான் என்று சொல்லியிருந்தால் போதும். எல்லாரும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் கொடுக்கப் போகிறேன். பில் என்னிடம் இருக்கிறது, தீற்றலாகிப் போன தேதியை போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். நீங்கள் எடுத்த வீடியோவில் அந்தப் பாட்டில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. வெட்டாத முழு வீடியோவை எனக்கு அனுப்பி வையுங்கள். சாட்சிக்குப் பெயர் தர முடிகிறவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.