ஹாலுக்குப் போட்ட டைல்ஸ் சமையலறைக்கு வேண்டாம்

வீடு கட்டுகிற நண்பர்கள் எல்லோரிடமும் இந்த ஒரு விஷயத்துக்காக நான் சண்டை போடுவது வழக்கம். ஹாலுக்கு வாங்கிய பளபளக்கும் வெள்ளை டைல்ஸையே சமையலறைக்குள்ளும் ஒட்டாதீர்கள். 'ஒரே தரையாக இருந்தால் வீடு பெரிதாகத் தெரியும்' என்பார் கான்டிராக்டர். அவருக்கு வெட்டிக் கழிவது குறைவு, வாசற்படியில் மட்டம் பார்க்கும் தொல்லை இல்லை. எண்ணெய் சிந்திய தரையில் கொதிக்கும் சாம்பாருடன் திரும்பப்போகிறவர் அவர் அல்லவே!

நம் சமையலறைத் தரை படும் பாடு கொஞ்சமா? குக்கர் மூடி விழும். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் நேரே தரைக்கு வரும். நிரம்பிய சிலிண்டர் உருண்டு வரும். உள்ளே எரிவாயு 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் ஏறக்குறைய 30 கிலோ. வினைல் பலகைகள் காலுக்கு இதம்தான், ஆனால் அடிப்படையில் பிளாஸ்டிக். சூடான வாணலியை ஒருமுறை வைத்தால் வடு நிச்சயம்.

மார்பிள் என்றாலே எனக்குக் கோபம் வரும். புளி, எலுமிச்சை, தயிர் எது பட்டாலும் அதன் மெருகு போய் வெளிறிய தடம் விழும். அது கறையல்ல, கல்லே அரிக்கப்பட்ட இடம். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கடப்பா கல்லும் சுண்ணாம்புக் கல்தான், புளிப்பு அதற்கும் ஆகாது. ஆத்தங்குடி கல் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அது சூளையில் சுட்டதல்ல. கண்ணாடியின் மேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்திய சிமென்ட். மஞ்சளும் எண்ணெயும் உள்ளே இறங்கிவிடும். பூஜையறையில் போட்டு அழகு பாருங்கள்.

என் ஓட்டு லெதர் ஃபினிஷ் கிரானைட்டுக்கு, அதாவது பளபளப்பாக்காமல் தோல்போல் லேசான சொரசொரப்போடு விட்ட கல்லுக்கு. புளிக்கு அசையாது, கீறல் எளிதில் விழாது, டைல்ஸைவிடத் தடிமனும் அதிகம். வெளிர் நிறம் எண்ணெயை உறிஞ்சிக் கறுக்கும், அதனால் அடர்நிறமே நல்லது. முழுக் கறுப்பும் வேண்டாம்: எறும்பு ஊர்வது தெரியாது, தாளிக்கும்போது தெறித்த கடுகும் தெரியாது. நடுத்தரச் சாம்பல் நிறம் போதும்.

செலவு கட்டுப்படியாகாவிட்டால் பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் விட்ரிஃபைட் (கண்ணாடிபோல் இறுகச் சுட்ட) டைல்ஸ், அதிலும் ஃபுல் பாடி, அதாவது மேலிருந்து அடிவரை ஒரே நிறம். மேலே மட்டும் படம் அச்சடித்த வகையில் ஓரம் உடைந்தால் உள்ளே வேறு நிறம் பல்லிளிக்கும். கடைக்காரர் ஆர்10, ஆர்11 என்று வழுக்காத் தரம் சொல்வார். அந்தச் சோதனை எண்ணெய் தடவிய சரிவில் காலணியோடு நடந்து பார்ப்பது. நாமோ வெறுங்காலில் சமைக்கிறோம். ஆகவே மாதிரி டைலில் தண்ணீர் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு நீங்களே ஏறி நில்லுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். சொரசொரப்பு மிகுந்த வாசல் டைல்ஸ் பக்கமும் போகவேண்டாம், மாப் போட்டே இடுப்பு ஒடிந்துவிடும்.

டைல் நன்றாக இருந்தும் தரை கெடுவது பெரும்பாலும் ஒட்டுகிற விதத்தால்தான். விட்ரிஃபைட் 0.5 சதவீதத்துக்குமேல் தண்ணீர் உறிஞ்சாது. உறிஞ்சாத முதுகில் வெறும் சிமென்ட் பால் சரியாகப் பிடிக்காது. டைல் அட்ஹெசிவ் என்ற தனிப் பசைக் கலவை வேண்டும். 'இத்தனை வருஷமாக சிமென்ட்டில்தானே ஒட்டுகிறேன்' என்று கொத்தனார் நிச்சயம் சொல்வார். விட்டுக்கொடுக்காதீர்கள். அடியில் முழுப் பரப்பிலும் கலவை பரவவேண்டும். நான்கு மூலைக்கு நான்கு உருண்டை வைத்தால் இடையில் வெற்றிடம்தான் மிஞ்சும், சிலிண்டர் இறங்குகிற அன்று அங்கேதான் விரிசல் விடும். வேலை முடிந்ததும் நாணயத்தால் ஒவ்வொரு டைலையும் தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் வந்தால் பெயர்த்து ஒட்டச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள்.

டைல்களுக்கு இடையிலுள்ள இடுக்குகளை நிரப்ப எப்பாக்ஸி கிரவுட் (பிசின் வகை நிரப்பி) கேளுங்கள். விலை அதிகம், ஆனால் சிமென்ட் கிரவுட் மஞ்சளைக் குடித்துச் சீக்கிரமே பழுப்பாகிவிடும். கடைசியில் ஆசிட் ஊற்றிக் கழுவித் தருகிறோம் என்று வந்தால் தடுத்துவிடுங்கள், சிமென்ட் இணைப்பையே அது அரிக்கும். ஒரு பெட்டி டைல்ஸை உபரியாக வாங்கிப் பரணில் வையுங்கள். பெட்டியின் மேலுள்ள பேட்ச் எண் மாறினால் நிறமும் மாறிவிடும்.