முத்திரை குத்தினால் சொந்தமாகிவிடுமா?

நம் இணையக் குழுவில் நடந்த கூத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். "என் சேகரிப்பு, என் ஸ்கேன், என் காப்புரிமை" என்று பழைய இதழ்கள் சேகரிக்கும் அண்ணன் ஒருவர் எழுதிய கையோடு, அவர் ஸ்கேன் செய்து நான் பகிர்ந்த சிங்கைநேசன் பக்கத்தை அட்மின் தூக்கிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சிங்கைநேசன் 1887இல் மகுதூம் சாயபு இங்கே சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் வார இதழ். 1890இல் நின்றுபோனது. எழுதியவர் இறந்து 70 ஆண்டுகள் கழிந்தால் அந்த எழுத்து பொதுச்சொத்து என்கிறது நம் சட்டம். சாயபு காலமாகி நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இதில் அண்ணன் எங்கே வந்தார்? ஸ்கேனர் வாங்கினார், பக்கத்தின் நடுவே தன் பெயரைச் சாய்வாக ஓடவிட்டார். செய்தியை அந்தப் பெயருக்கு அடியில் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது.

"அவர் உழைப்புக்கு மதிப்பில்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. அவர் பெயரைக் குறிப்பிட்டு, நன்றி சொல்லித்தான் பகிர்ந்தேன். ஆனால் உழைப்பு வேறு, உரிமை வேறு. தொலைபேசி விவரப் புத்தகம் பற்றிய வழக்கில் 2017இல் நம் மேல்முறையீட்டு நீதிமன்றமே, பாடுபட்டுத் திரட்டினால் மட்டும் காப்புரிமை வராது, படைப்பாற்றல் வேண்டும் என்று சொல்லிவிட்டது. சாயபு அச்சிட்டதை அப்படியே படம் பிடிப்பதில் என்ன படைப்பாற்றலாம்?

"இன்று பழைய பத்திரிகை, நாளை எங்கள் புத்தகத்தையும் பிடிஎப் ஆக்கிவிடுவாய்" என்று ஒருவர் உள்பெட்டியில் எழுதியிருக்கிறார். அபாண்டம். உயிரோடு இருப்பவர் புத்தகத்தை நான் காசு கொடுத்துத்தான் வாங்குகிறேன், வெளியீட்டு விழாவில் வரிசையில் நின்று. சொல்லப்போனால் அந்த எழுத்தாளர்களுக்குத்தான் பெரிய மனசு. 2015இல் ஐம்பதாண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தை மின்வடிவில் இணையத்தில் ஏற்றும் மின்மரபுத் திட்டத்தில் சேர்த்தபோது, எத்தனை பேர் சம்மதக் கையெழுத்துப் போட்டு எழுத்தை ஊருக்குக் கொடுத்தார்கள்! இறந்தவர் எழுத்தைக் கொடுக்கத்தான் இங்கே ஒருவருக்குக் கை வரவில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், இது முதல் தடவை இல்லை. துறைமுகத்தில் வேலை பார்த்த எங்கள் தாத்தா ஒரு நாடகச் சிறப்பு மலர் வைத்திருந்தார். அதில் அவர் படமும் உண்டு, ராஜபார்ட் வேஷத்தில். ஆவணப்படுத்தித் தருகிறேன் என்று ஒரு பெரியவர் வாங்கிப் போனார். அப்பா கேட்கும்போதெல்லாம் "அலமாரியில் பத்திரமா இருக்கு தம்பி" என்பார். அந்தப் பத்திரம் நம் ஊர் ஈரக்காற்றுக்குத் தெரியுமா? கடைசியில் திரும்பி வந்தது பூஞ்சை பிடித்து ஒட்டிப்போன ஒரு கட்டு. பிரித்தால் கிழிகிறது. அந்த வேஷத்தில் தாத்தாவை நான் பார்த்ததே இல்லை, இனிப் பார்க்கவும் முடியாது. நாலு பேரிடம் நகல் இருந்திருந்தால் இந்தக் கதி வந்திருக்குமா?

"சும்மா கொடுத்தால் மதிப்பு போய்விடும்" என்று வேறு தத்துவம் பேசுகிறார்கள். தமிழ் முரசு நாளிதழின் பழைய இதழ்களைத் தேசிய நூலக வாரியம் இணையத்தில் போட்டிருக்கிறதே, அதைத் தொடங்கிய சாரங்கபாணியின் மதிப்பு குறைந்துவிட்டதா? ஆய்வு மாணவர்கள் தேடி எடுக்கிறார்கள், பேரப்பிள்ளைகள் தாத்தா பெயரைத் தேடுகிறார்கள். மதிப்பு என்று இவர்கள் சொல்வது யாருடைய மதிப்பு என்று எனக்குப் புரியாமல் இல்லை.

சரி, வரும் ஏப்ரலில் தமிழ்மொழி விழா வரும். "இளையர்கள் படிப்பதே இல்லை" என்று இதே அண்ணன் மேடையேறி வருத்தப்படுவார், நாமும் கைதட்டுவோம். எதைப் படிக்கச் சொல்கிறீர்கள் அண்ணே, உங்கள் பெயரையா?