மேல்மண் என்று தள்ளிவிட்ட காலம்

தொல்லியல் கருத்தரங்கு ஒன்றில், அகழாய்வில் பெண்களின் தடயங்களையும் கடற்கரை ஊர்ப் பள்ளிவாசல்களையும் ஏன் தேடுவதில்லை என்று ஒரு மாணவி கேட்ட காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், முழுக்கதையும் சொல்லப்போவதில்லை. அவளுக்குக் கிடைத்த பதில்தான் இன்னும் தொண்டையில் நிற்கிறது. "பானை ஓட்டில் ஆண் ஓடு, பெண் ஓடு என்று இருக்கிறதா அம்மா?" அரங்கமே சிரித்தது. கடற்கரை ஊர்ப் பள்ளிவாசல்களைப் பற்றிக் கேட்டதற்கு, "அது பிற்காலக் கட்டடம், தொல்லியல் இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

அவள் கேட்டது சரியான கேள்வி. தேடாதது கிடைக்காது. அதைவிட மோசம், கிடைத்தாலும் கண்ணில் படாது.

ஸ்வீடனில் பிர்கா என்ற இடத்தில் 1878 இல் வைக்கிங் என்ற வட ஐரோப்பியக் கடலோடிகளின் கல்லறை ஒன்றைத் திறந்தார்கள். வாள், கோடரி, அம்புகள், இரண்டு குதிரைகள். போர்வீரன் என்று எழுதியாயிற்று. 1970களில் எலும்பைப் பார்த்து இது பெண் என்று சொன்னபோது யாரும் காதில் வாங்கவில்லை. 2017 இல் மரபணுச் சோதனை உறுதிசெய்தது. உடனே என்ன கேட்டார்கள் தெரியுமா? அந்த ஆயுதங்கள் உண்மையிலேயே அவளுடையவைதானா என்று! ஆண் என்று நினைத்திருந்த நூற்றுச்சொச்சம் வருடம் அந்தச் சந்தேகம் எங்கே போயிருந்தது?

நம் பக்கம் வருவோம். கீழடியில் நூல் நூற்கும் தக்களி கிடைத்தது, தறியில் தொங்கவிடும் குண்டு கிடைத்தது. 'நெசவு இருந்தது' என்று எழுதி அடுத்த பொருளுக்குப் போய்விடுகிறோம். நூற்றது யார், வீட்டுக்குள்ளா வெளியிலா, கூலி உண்டா? புறநானூற்றில் இராத்திரி சிறுதீ விளக்கோடு எழுந்து வேலை பார்க்கும் பருத்திப் பெண்டு இருக்கிறாள். நற்றிணையில் 'ஆளில் பெண்டிர்' நூற்ற நுண்பனுவல் இருக்கிறது. புலவர்கள் பார்த்தவளை அகழாய்வுக் குழியில் தேடக்கூடாதா? இப்படித் தேடுவது மேல்நாட்டு மோகம் என்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மோகம் என்று சொல்லட்டும்.

பள்ளிவாசல் விஷயத்தில் எனக்கு ஆற்றாமை அதிகம். நான் கீழக்கரைக்காரி. முதுகலையில் எங்கள் ஊர்ப் பழைய பள்ளிவாசலின் தூண்களை ஆய்வுக்கு எடுத்தேன். தொழுகை இல்லாத நேரமாகப் பார்த்து, பள்ளிவாசலை நிர்வகிக்கும் ஜமாஅத்தில் கேட்டு, உள்ளே போய் அளந்தேன். தூணின் அடிப்பகுதி சதுரம், நடுப்பகுதி எண்பட்டை, மேலே உத்தரத்தைத் தாங்கும் போதிகையில் தலைகீழாகத் தொங்கும் வாழைப்பூ மொட்டு. கோயில் மண்டபத்தில் வேலை பழகிய உளிதான். கோயில் தூணில் உருவம் வரவேண்டிய சதுரத்தில் மட்டும் பூவும் கொடியும். அதைக் காட்டினால், "உங்க ஆளுங்க விஷயம்தான் கிடைச்சுதா, வேற தலைப்பு பாரும்மா" என்றார்கள். கோயில் சிற்பத்தை எடுத்த என் வகுப்புத் தோழனிடம் யாரும் 'உங்க ஆளுங்க' என்று சொல்லவில்லை.

மதத்தை ஏன் இழுக்கிறாய் என்று கீழே எழுதப்போகிறீர்கள். நான் இழுக்கவில்லை, தூணைத்தான் காட்டினேன். சங்ககாலம் முக்கியம் இல்லையா என்பீர்கள். முக்கியம்தான். அதற்காக அதன்மேல் படிந்த பிற்கால மேலடுக்கு குப்பையா? மேற்கு ஆசியாவில் விவிலியக் காலத்தைத் தேடிப் போனவர்கள், பழைய ஊர்கள் புதைந்த பல மேடுகளில் மேலே இருந்த இசுலாமியக் கால அடுக்குகளைச் சரியாகப் பதியாமலே வெட்டித் தள்ளினார்கள். வெட்டிய மண்ணைத் திரும்ப அடுக்க முடியாது. இதற்கெல்லாம் நிதி இல்லை என்பீர்கள்; அது மட்டும் உண்மை, ஒப்புக்கொள்கிறேன்.

மார்க்கோ போலோ குதிரை வந்து இறங்கியதாக எழுதிய காயல் துறைமுகம் நம்முடையது. எங்கள் கீழக்கரைக்குப் பக்கத்திலேயே பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் ஓடுகளைப் பொறுக்கி, இது 13, 14ஆம் நூற்றாண்டுத் துறைமுகம் என்று காட்ட ஜப்பானிலிருந்து வரலாற்று ஆய்வாளர் நொபொரு கராஷிமா வரவேண்டியிருந்தது, கூடவே நம்முடைய கல்வெட்டு ஆய்வாளர் எ.சுப்பராயலு நின்றார். அவர்களுக்கு நன்றிதான். ஆனால் வலிக்கிறது.

இதற்கிடையில் ஊருக்கு ஊர் பள்ளிவாசல் தூண்கள் மேல் எண்ணெய்ப் பெயிண்ட் ஏறிக்கொண்டே இருக்கிறது, சுவரில் டைல்ஸ் ஒட்டுகிறார்கள், இடம் போதவில்லை என்று இடிக்கவும் செய்கிறார்கள். அவர்களையும் நான் சும்மா விடமாட்டேன், அது தனிப் பதிவு. தொல்லியல் படிக்கிற பிள்ளைகளே, அடுத்த புதுப்பிப்பு வேலை தொடங்குமுன் அளக்கிற டேப்பும், கல்லில் உள்ளதைப் படியெடுக்கிற தாளும் மையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஜமாஅத்தில் முறையாகக் கேட்டால் கதவைத் திறந்துவிடுவார்கள். எனக்குத் திறந்தார்கள்.