அபராதம் கட்டியாச்சு, இன்னும் என்ன பாக்கி?

ஞாயிற்றுக்கிழமை பாராட்டு விழாவில் நடந்தது இங்கே பலருக்கும் தெரியும். வீடியோவும் சுற்றிக்கொண்டிருக்கிறது. மைக் பிடித்த பெரியவரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. "வேலை போச்சுன்னு அழுது பிரயோஜனம் இல்ல, கேஸ் வாங்கும்போதே யோசிச்சிருக்கணும்" என்றார். பழைய கேஸால் போலீஸ் வேலை கைநழுவிய ஒரு பையனைத்தான் சொல்கிறார் என்று அங்கே எல்லோருக்கும் புரிந்தது. அந்தப் பையன் அப்போது பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தான். ஒரு நொடி கை நின்றது. அப்புறம் தலையைத் தூக்காமல் அடுத்த இலையைப் போட்டான். பக்கத்தில் நின்று அதைப் பார்த்தவன் நான். இதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

காலையில் மைதானத்தில் பசங்களை ஓடவிடுகிறவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். காவலர் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் ஓட வேண்டும். இவன் மூச்சு வாங்காமல் ஓடுவான். எழுத்துத் தேர்வு, உடற்தகுதி, மருத்துவம் எல்லாம் தாண்டி, காவல் சரிபார்ப்பில் நின்றுபோனான். காரணம், விவரம் தெரியாத வயதில் கோயில் கொடைத் திருவிழாவில் நடந்த ஒரு தள்ளுமுள்ளு. 2024 ஜூன் வரை இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 506(1) பிரிவுகள். கெட்ட வார்த்தை, கையால் அடித்தது, மிரட்டியது. எங்கள் பக்கம் சண்டை என்றாலே அப்போதெல்லாம் இந்த மூன்றையும் சேர்த்து எழுதிவிடுவார்கள். கோர்ட்டில் ஒத்துக்கொண்டு அபராதம் கட்டினான். அந்த ரசீதை அவன் அம்மா ரேஷன் கார்டு இருக்கிற பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்திருக்கிறார். பணம் கட்டியாச்சு, பிரச்சினை முடிஞ்சாச்சு என்று அந்த அம்மா நம்பினார்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. அபராதத்தோடு முடிந்த வழக்கு அபராதத்தோடு முடிய வேண்டும். சில வருஷம் ஒழுங்காக இருந்தால் அந்தப் பதிவு அழிய வேண்டும். பெரியவர்களுக்கு அப்படி ஒரு பொதுச் சட்டம் இந்தியாவில் இல்லை. 18 வயதுக்குக் கீழே என்றால் 2015ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டம் காப்பாற்றும். 24வது பிரிவில் பதிவை அழிக்கவே வழி இருக்கிறது. 18 முடிந்து ஒரு மாசம் ஆனவனுக்கு ஒன்றும் கிடையாது.

"அவனாத்தானே ஒத்துக்கிட்டான்?" என்று கேட்பவர்களுக்கு என் அண்ணன் கதையைச் சொல்கிறேன். அவருக்கும் இதே மூன்று பிரிவுதான். எதிர்த்தரப்பு எங்களுக்கு மாமா முறை. அடுத்த விசேஷத்துக்குள் இரண்டு வீடும் ராசியாகிவிட்டது. சரி, கேஸை முடிக்கலாம் என்று போனால் வக்கீல் சொன்னார்: 323, 506(1) இரண்டிலும் சமாதானம் ஆகலாம், 294(பி) அந்தப் பட்டியலிலேயே இல்லை, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய்த்தான் ரத்து செய்ய வேண்டும். அடித்த கேஸில் சமாதானம் உண்டு, திட்டிய கேஸில் இல்லை! அண்ணன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் வாடகை போகும். "ஒத்துக்கிட்டா இன்னைக்கே முடிஞ்சிரும்" என்று ஸ்டேஷனில் சொன்னார்கள். ஒத்துக்கொண்டார். பிறகு ஒரு கம்பெனியில் டிரைவர் வேலைக்கான படிவத்தில் "தண்டனை பெற்றதுண்டா" என்ற இடத்தில் உண்மையை எழுதினார். அதோடு அங்கிருந்து கூப்பிடவே இல்லை.

அன்றைக்குக் கோர்ட்டில் யாராவது ஒருவர் 1958ஆம் வருஷத்து நன்னடத்தைச் சட்டத்தைப் பற்றி வாய் திறந்திருக்கலாம். இரண்டு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றத்தில், முன்பு தண்டனை வாங்காதவனை எச்சரித்து மட்டும் அனுப்ப 3வது பிரிவில் இடமுண்டு. அப்படி அனுப்பினால் அந்தத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு அவனைத் தொடாது என்று 12வது பிரிவு சொல்கிறது. அதற்கு அப்புறமும் துறை அவன் நடத்தையைப் பார்க்கலாம் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அது ஒரு வழி. அந்த மூன்று பிரிவும் இதற்குள் அடங்கும். சொல்வதற்கு ஆள் இல்லை.

"போலீஸ் வேலைக்கே கேஸ் இருக்கிறவனை எடுக்கணுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தமிழ்நாட்டுக் காவல் தேர்வு விதி எப்படி இருக்கிறது தெரியுமா? சந்தேகத்தின் பலனில் விடுதலையானவனையும் வழக்கில் சம்பந்தப்பட்டவனாகவே எடுத்துக்கொள்கிறார்கள். கோர்ட் விட்ட பிறகும் விதி விடவில்லை. டெல்லி தலைமைக் காவலர் தேர்வு சம்பந்தமான வழக்கில், இளம் வயதில் செய்ததை வைத்து ஒருவனை ஆயுசுக்கும் குற்றவாளி என்று முத்திரை குத்தக் கூடாது, திருந்த வாய்ப்பு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சொன்னது. 2016இல் அவதார் சிங் வழக்கில், சின்னக் குற்றத்தை மறைத்தவனைக்கூட வேலை கொடுப்பவர் மன்னிக்கலாம் என்றது. எங்கள் பையன் மறைக்கவே இல்லையே. படிவத்தில் தன் கையாலேயே எழுதினான்.

"பெண்ணிடம் அத்துமீறியவனும் சின்னக் கேஸ் என்பான்" என்கிறார் ஒரு நண்பர். அவனை விலக்கி வையுங்கள், யார் வேண்டாம் என்றது? சிங்கப்பூரில் மூன்று மாதம் வரை சிறை அல்லது 2,000 டாலர் வரை அபராதம் என்றால், ஐந்து வருஷம் சுத்தமாக இருந்தால் பதிவு காலாவதியாகிவிடும். கடும் குற்றங்களுக்கு அது கிடையாது. இங்கிலாந்தில் 1974இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள்.

வெளிநாட்டை விடுங்கள். நம் பாஸ்போர்ட் சட்டத்தில் தண்டனையைக் காட்டி மறுக்க வேண்டுமென்றால், அது ஒழுக்கக்கேடான குற்றமாக இருக்க வேண்டும், இரண்டு வருஷத்துக்குக் குறையாத சிறையாக இருக்க வேண்டும், கடைசி ஐந்து வருஷத்துக்குள் வந்ததாகவும் இருக்க வேண்டும். எம்.எல்.ஏ., எம்.பி. பதவி பறிபோகப் பொதுவாக இரண்டு வருஷமாவது தண்டனை வர வேண்டும். சட்டம் எழுதப் போகிறவருக்கு இரண்டு வருஷம் வரை சலுகை. ராத்திரி ரோந்து போக ஆசைப்பட்டவனுக்கு ஒரு அபராத ரசீது போதுமா, வாசலோடு அனுப்ப?

கொரோனா ஊரடங்கை மீறியதாகப் போட்ட சுமார் 10 லட்சம் வழக்குகளைக் கைவிடுவதாக 2021 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. மனசு இருந்தால் முடிகிறது. ஆனால் நடந்துகொண்டிருக்கும் வழக்கைத்தான் திரும்பப் பெற முடியும். கோர்ட்டை மதித்து, ஒத்துக்கொண்டு, பணம் கட்டி முடித்தவனுக்கு அந்த வழியும் அடைத்துவிட்டது. இழுத்தடித்தவன் தப்பிக்கிறான். காசு உள்ளவன் உயர் நீதிமன்றம் போய் ரத்து வாங்குகிறான். அன்றைக்குக் கொடையில் வசதியான வீட்டுப் பசங்களும்தான் நின்றார்கள். அவர்கள் பெயர் எஃப்.ஐ.ஆரில் எப்படி இல்லாமல் போனது என்று மேடையில் யாராவது கேட்டீர்களா? இலை போடுகிறவனைத்தான் கேட்க முடியும், இல்லையா?

வயசுப் பிள்ளை வைத்திருக்கிற அம்மா அப்பாக்களுக்கு: சம்மன் வந்தால் "ஒத்துக்கிட்டுக் கட்டிட்டு வா" என்று அனுப்பாதீர்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கேட்கலாம், 15100க்கு அழைக்கலாம். வக்கீலிடம் நன்னடத்தைச் சட்டத்தின் 3வது பிரிவைப் பற்றிக் கேளுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் காலையில் மைதானத்துக்கு வாருங்கள், கூட நான் வருகிறேன்.